மானுக்கு விலை இல்லை, மிதிபடும் நிலத்துக்கு உண்டு: மொன்டானாவின் வேட்டை அனுமதித் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

1940இல் அமெரிக்காவின் மொன்டானா மாநில உச்ச நீதிமன்றம் ஒரு பண்ணையாளரின் மேல்முறையீட்டை விசாரித்தது. வேட்டைக் காலம் அல்லாத நேரத்தில், தன் நிலத்தில் புகுந்த எல்க் மானைச் சுட்டார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. உடைமையைக் காத்துக்கொள்வது அரசியலமைப்பு தந்த உரிமை, வேறு வழியில்லாத நிலையில் அதைக் கையிலெடுத்தவரைத் தண்டிக்க முடியாது என்று சொன்னது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: மொன்டானாவில் நிலம் வாங்குகிற எவரும், இங்கே காட்டு விலங்குகள் உண்டு, அவற்றின் பழக்கம் இன்னது என்று தெரிந்தேதான் வாங்குகிறார், ஆகவே ஓரளவு சேதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ராத்போன் வழக்கு என்று சட்ட வட்டாரத்தில் பேசப்படும் இந்தத் தீர்ப்பு, நிலத்தாரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அதே தோளில் சுமையையும் ஏற்றி வைத்தது. ‘ஓரளவு’ என்பது எவ்வளவு? அந்த ஓரளவுக்கு ஈடாக அவருக்கு என்ன கிடைக்கும்? இதற்கு மொன்டானா கண்டுபிடித்த பதில்களில் பெரியது ‘பிளாக் மேனேஜ்மென்ட்’. தனியார் நிலத்தில் பொதுமக்கள் இலவசமாக வேட்டையாடலாம், அதற்கான தொகையை அரசு நிலத்தாருக்குத் தரும் என்பதே அதன் சாரம். இதை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதே நோக்கில் அமெரிக்காவில் ஓடும் பல திட்டங்களில் இதன் கணக்கு முறை தனித்து நிற்கிறது என்பதுதான். அந்தக் கணக்கு முறையில்தான் திட்டத்தின் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது.

விலங்கு மக்களுடையது, புல் பண்ணையாளருடையது

அமெரிக்கச் சட்டப்படி காட்டு விலங்கு நிலத்துக்காரரின் சொத்து அல்ல. மாநில மக்கள் எல்லோருக்குமாக அரசு அதைப் பொறுப்பில் வைத்திருக்கிறது. எத்தனை சுடலாம், எந்த மாதம் சுடலாம், ஆணா பெண்ணா என்பதெல்லாம் அரசு முடிவு செய்வது. இங்கிலாந்தில் வேட்டை உரிமை நிலத்தோடு சேர்ந்தது. அமெரிக்கா அந்த வழக்கத்தை வேண்டாமென்று தள்ளியது. காசு கொடுத்து லைசன்ஸ் வாங்கிய எவருக்கும் அந்த மான் மீது சம உரிமை உண்டு.

ஆனால் மான் நிற்கிற புல்வெளிக்குள் கால் வைக்க உரிமை இல்லை. மொன்டானாவில் தனியார் நிலத்தில் வேட்டையாட வேண்டுமென்றால் நிலத்தாரிடம் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். வேலிக் கம்பத்திலோ கேட்டிலோ பளிச்சென்ற ஆரஞ்சு வண்ணம் 50 சதுர அங்குலத்துக்குப் பூசியிருந்தால், உள்ளே வராதே என்று அறிவித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஆக, ஒருவர் கையில் லைசன்ஸ் இருக்கிறது, இன்னொருவர் கையில் சாவி இருக்கிறது. மூன்றாவதாக விலங்கு இருக்கிறது. அதற்கு இரண்டும் தெரியாது. குளிர்காலத்தில் மலையில் பனி ஏறியதும் எல்க் கூட்டம் கீழே இறங்கி, பண்ணையாளர் தன் மாடுகளுக்காக அடுக்கி வைத்த வைக்கோல் போரில் வாய் வைக்கும். இரவோடு இரவாகக் காட்டுப்பன்றி மக்காச்சோளத்தைப் புரட்டிப் போட்ட வயலின் வரப்பில் நின்று பார்த்த நம்மூர் விவசாயிக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

மொன்டானாவில் இப்படிச் சேதமடைந்த பண்ணைக்கு மாநில மீன், வனவிலங்கு, பூங்காத் துறை உதவுகிறது. வைக்கோல் போரைச் சுற்றி வேலி போடப் பொருள் தரும், கூட்டத்தைக் கலைக்கத் தனி வேட்டை ஏற்பாடு செய்யும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வேட்டைக் காலத்தில் பொதுமக்களை உள்ளே விட்டிருக்க வேண்டும். விடாதவருக்கு உதவி கிடையாது. நியாயமான நிபந்தனை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சதுரங்கப் பலகையாக வெட்டிய நிலம்

மொன்டானா பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மக்கள்தொகை 11 லட்சம் சொச்சம்தான். பரப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தனியார் கையில் இருக்கிறது. மேற்கே ராக்கி மலைத்தொடர். அங்கே தேசியக் காடுகள் பெரிய பெரிய துண்டுகளாக இருப்பதால் வேட்டைக்குப் போகிறவருக்கு இடப் பிரச்சினை குறைவு. கிழக்கே மைல்ஸ் சிட்டி, கிளாஸ்கோ பக்கம் வந்தால் கோதுமையும் மேய்ச்சல் வெளியுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் தனியார் நிலம். நடுநடுவே அரசுத் துண்டுகள் தீவுகளைப் போலக் கிடக்கின்றன.

அந்தத் தீவுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1864இல் நார்தர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனிக்குத் தண்டவாளம் போடுவதற்கு ஊக்கமாக, பாதையின் இரு பக்கமும் ஒன்றுவிட்டு ஒரு சதுர மைல் நிலத்தை மத்திய அரசு கொடுத்தது. கொடுக்காமல் வைத்துக்கொண்ட சதுரங்கள் அரசிடம் தங்கின. கொடுத்தவை கைமாறிக் கைமாறிப் பண்ணைகளாயின. இப்படியும் வேறு வழிகளிலும் நாலாபுறமும் தனியார் நிலம் சூழ்ந்து, பொதுச் சாலை வழியாகப் போய்ச் சேர முடியாமல் அடைபட்ட அரசு நிலம் மொன்டானாவில் மட்டும் மத்திய, மாநில நிலங்களைச் சேர்த்து சுமார் 30 லட்சம் ஏக்கர் என்று 2018-19இல் வெளிவந்த கணக்கெடுப்புகள் காட்டின. மக்களின் நிலம், மக்களின் மான், ஆனால் மக்களுக்கு வழி இல்லை. ஒரு பண்ணையாளர் கேட்டைத் திறந்தால் அவருடைய நிலம் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் அடைபட்டிருக்கும் அரசு நிலமும் சேர்ந்து திறக்கிறது. இதற்கென்றே 2013இல் மொன்டானா தனியாக ஒரு வரிச்சலுகைத் திட்டமும் கொண்டுவந்தது: அரசு நிலத்துக்குத் தன் நிலம் வழியாகப் போக விடுகிற பண்ணையாளருக்கு வருமான வரியில் கழிவு.

1985இல் தொடங்கி 1995இல் உருவம் பெற்றது

பிளாக் மேனேஜ்மென்ட் 1985இல் சிறிய அளவில் தொடங்கியது. அப்போது அது பெரும்பாலும் ஆள் உதவிதான்: வேட்டைக் காலத்தில் துறையின் ஊழியர்கள் அறிவிப்புப் பலகை நடுவார்கள், வருகிறவர்களை ஒழுங்குபடுத்துவார்கள். 1990களில் நிலைமை இறுகியது. வெளியூர்ப் பணக்காரர்கள் பண்ணைகளை வாங்கிக் கேட்டைப் பூட்டினார்கள். அவுட்ஃபிட்டர்கள், அதாவது காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு அழைத்துப்போகும் வழிகாட்டித் தொழில்காரர்கள், பண்ணையின் வேட்டை உரிமையை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். தாத்தா காலத்திலிருந்து ஒரே பண்ணையில் மான் வேட்டையாடி வந்த உள்ளூர்க் குடும்பம் திடீரென்று வெளியே நின்றது.

1993இல் நிலத்தார், வேட்டைக்காரர், அவுட்ஃபிட்டர் ஆகிய மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரு குழு அமைத்தார்கள். அதன் பரிந்துரையில் 1995இல் சட்டமன்றம் திட்டத்தை விரிவாக்கியது. நிலத்தாருக்குப் பணம், பொறுப்புக் காப்பு, கூடவே ஒரு இலவச வேட்டை லைசன்ஸ் என்று மூன்றும் வந்தன. லைசன்ஸை அவரே பயன்படுத்தலாம், குடும்பத்தாருக்கோ பண்ணை ஊழியருக்கோ தரலாம், விற்க முடியாது.

மூன்றில் பொறுப்புக் காப்பை வெளியாட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் துப்பாக்கியோடு உள்ளே வருகிறார். பழைய கிணற்றில் விழுந்து காலை உடைத்துக்கொண்டால் வழக்கு யார் மேல்? அமெரிக்காவில் ஒரு வழக்கு ஒரு பண்ணையைக் கரைத்துவிடும். வேண்டுமென்றோ படுமோசமான அலட்சியத்தாலோ நேர்ந்தாலொழிய நிலத்தார் பொறுப்பாக மாட்டார் என்று சட்டம் சொன்ன பிறகுதான் பலர் கையெழுத்துப் போட முன்வந்தார்கள் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருக்கிறது.

கேட்டருகே ஒரு பெட்டி

திட்டம் தரையில் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க ஒரு பெட்டியைத் திறந்தால் போதும்.

மண் சாலை ஓரத்தில் கம்பிவேலி, அதில் ஒரு கேட். பக்கத்துக் கம்பத்தில் மூடி போட்ட பெட்டி. உள்ளே சீட்டுக் கட்டும் அந்த நிலத்துக்கான வரைபடமும் விதிகளும் இருக்கும். விடியுமுன் வந்து சேரும் வேட்டைக்காரர் தலைவிளக்கு வெளிச்சத்தில் பெயர், லைசன்ஸ் விவரம், தேதி எழுதுகிறார். சீட்டின் ஒரு பாகத்தைப் பெட்டியில் போடுகிறார், மற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்கிறார். யாரிடமும் பேச வேண்டியதில்லை, பண்ணை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. இது முதல் வகை. இரண்டாம் வகை நிலங்களில் நிலத்தாரோ துறையோ நேரடியாக அனுமதி தரவேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

செப்டம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை பொதுவாக இந்த ஏற்பாடு ஓடும். துறையின் பருவகால ஊழியர்கள் சுற்றி வந்து சீட்டுகளைச் சேகரிக்கிறார்கள், விழுந்த பலகையை நிமிர்த்துகிறார்கள், கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றிய புகாரைக் கேட்கிறார்கள். சீசன் முடிந்ததும் எத்தனை வேட்டை நாட்கள் என்று எண்ணுகிறார்கள். ஒருவர் ஒரு நாளில் அந்த நிலத்துக்குள் வந்தால் அது ஒரு வேட்டை நாள். ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினாலும் ஒன்றுதான், பொழுது சாயும் வரை இருந்தாலும் ஒன்றுதான்.

பணம் இந்த எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. சேர்ந்ததற்கு 250 டாலர். ஒவ்வொரு வேட்டை நாளுக்கும் நெடுங்காலம் 11 டாலர் வரை என்றிருந்து பிறகு 13 டாலர் ஆனது. களை ஒழிப்புக்கென்று செலவிடச் சம்மதித்தால் கூடுதலாக 5 சதவீதம் வரை. வண்டிச் சக்கரத்திலும் காலணியிலும் ஒட்டிவரும் களை விதைகள் மேய்ச்சல் நிலத்துக்குப் பெரிய பகை. அந்தப் பயத்துக்குக் காது கொடுத்த ஏற்பாடு இது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பண்ணையில் சீசன் முழுவதும் 400 வேட்டை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், 13 டாலர் வீதம் 5,200, சேர்க்கைத் தொகையோடு 5,450 டாலர். பல ஆயிரம் ஏக்கர் பண்ணைக்கு நான்கு மாதத்துக்கு இது வாடகை ஆகாது. ஆகவும் கூடாது என்பதுதான் வடிவமைத்தவர்களின் எண்ணம். இந்தப் பணம் நிலத்துக்கான வாடகையும் இல்லை, மானுக்கான விலையும் இல்லை. வேட்டைக்காரர்கள் வந்துபோவதால் நிலத்தாருக்கு ஏற்படும் தொல்லைக்கு ஈடு. தூசி, தடம் பதிந்த ஈர மண், அடைக்காமல் விட்ட கேட், மிரண்ட மாடு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு.

இந்த வேறுபாடு காகிதத்தில் மட்டும் இருக்கிற ஒன்று அல்ல. மான் மக்களுடையது என்ற கொள்கையை விட்டுக்கொடுக்காமல் நிலத்தாருக்குக் காசு கொடுக்க அரசுக்கு இருந்த ஒரே நேர்மையான வழி இது என்று நான் கருதுகிறேன். பெரிய கொம்புள்ள மான் இருக்கும் நிலத்துக்குக் கூடுதல் விலை என்று போயிருந்தால், மக்களின் விலங்கை மக்களே நிலத்தாரிடம் விலைக்கு வாங்கும் நிலை வந்திருக்கும்.

யார் பணம்?

1995 சட்டம் நிதிக்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டது. அவுட்ஃபிட்டர் மூலம் வருகிற வெளிமாநில வேட்டைக்காரர்களுக்குத் தனி லைசன்ஸ் வகை. குலுக்கலில் நிற்காமல் நிச்சயமாகக் கிடைக்கும், ஆனால் விலை அதிகம். அந்தக் கூடுதல் வருமானம் பிளாக் மேனேஜ்மென்ட்டுக்கு. தனியார் குத்தகையால் வழி இழந்த உள்ளூர்க்காரருக்கு அந்தக் குத்தகையின் வாடிக்கையாளரே வழிச்செலவு கொடுக்கும் ஏற்பாடு.

உள்ளூர் வேட்டைக்காரர்களில் ஒரு பகுதியினர் இதை ஏற்கவில்லை. நிச்சயமாகக் கிடைக்கும் லைசன்ஸ் இருப்பதால்தான் அவுட்ஃபிட்டர் தைரியமாக நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார், ஆகவே வியாதியையும் மருந்தையும் ஒரே கடையில் விற்கிறீர்கள் என்றார்கள். 2010 நவம்பரில் ஐ-161 என்ற மக்கள் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்து நிறைவேறியது. அவுட்ஃபிட்டர் வகை லைசன்ஸ் ஒழிந்தது. ஈடாக வெளிமாநிலத்தார் எல்லோருக்கும் கட்டணம் ஏறியது: பெரிய விலங்குகளுக்கான கூட்டு லைசன்ஸ் (பல அனுமதிகளைச் சேர்த்துத் தருவது) 628 டாலரிலிருந்து 897 டாலருக்கும், மான் கூட்டு லைசன்ஸ் 328 டாலரிலிருந்து 527 டாலருக்கும் போனது. இந்த வருமானத்தில் ஒரு பங்கு வேட்டை அனுமதித் திட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டது.

குத்தகை ஒழிந்ததா என்றால் இல்லை. அவுட்ஃபிட்டர்கள் இருக்கிறார்கள், பூட்டிய கேட்டுகளும் இருக்கின்றன. திட்டத்தின் செலவில் பெரும்பங்கை வெளிமாநிலத்தார் சுமப்பது அன்றும் இன்றும் மாறவில்லை. தங்கள் மண்ணில் தங்களுக்கு வழி வேண்டும் என்று போராடுகிற உள்ளூர்க்காரர்கள், அந்த வழிக்குத் தங்கள் லைசன்ஸில் இன்னும் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். அப்படிச் சொன்னால் மொன்டானாவில் கைதட்டல் கிடைக்காது என்று தெரியும். ஆனாலும் அதுதான் நியாயம்.

அதே 1985இல் மீனுக்கு வேறு பதில்

மீன்பிடிப்பைப் பற்றிப் பேசினால் மொன்டானாவின் கதை தலைகீழாகிறது. 1984இல் மாநில உச்ச நீதிமன்றம் டியர்போர்ன் ஆறு, பீவர்ஹெட் ஆறு தொடர்பான இரண்டு வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது: நீர் மக்களுடையது, ஆற்றுப் படுகை யாருடைய பட்டாவில் இருந்தாலும், நீரில் பொழுதுபோக்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. 1985இல் சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. வழக்கமான வெள்ளக் குறி வரை, அதாவது நீர் வழக்கமாக ஏறும் எல்லை வரை, எவரும் ஆற்றில் இறங்கி நடக்கலாம், தூண்டில் போடலாம். ஆற்றை அடைவதற்குத் தனியார் வயலைக் கடக்க முடியாது. பாலம், பொதுச் சாலை, அரசு இறங்குதுறை வழியாகத்தான் போகவேண்டும். துறை இப்படி முன்னூறுக்கும் மேற்பட்ட மீன்பிடி இறங்குதுறைகளை வைத்திருக்கிறது.

அதாவது ஒரே ஆண்டில், ஒரே மாநிலம், ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொன்னது. நீரில் இறங்கக் காசு இல்லை, உரிமை உண்டு. நிலத்தில் இறங்க உரிமை இல்லை, காசு உண்டு. எது நன்றாக ஓடுகிறது? தூண்டில்காரருக்கு மொன்டானா சொர்க்கம், சந்தேகமில்லை. ஆனால் ஆற்றோர நிலத்தாரில் பலர் தங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாக இன்றும் உணர்கிறார்கள். பாலத்தடியில் வேலி கட்டி இறங்க விடாமல் தடுத்தது, 2009இல் பால வழி பற்றித் தனிச் சட்டம், 2014இல் ரூபி ஆற்று வழக்கில் மறுபடி உச்ச நீதிமன்றம் என்று சண்டை ஓயவே இல்லை. பிளாக் மேனேஜ்மென்ட்டில் அப்படிப்பட்ட நெடிய வழக்குத் தொடர் கிடையாது. விருப்பப்பட்டவர் சேர்கிறார், பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு விலகுகிறார். அதன் நிம்மதியும் அதுதான், நிலையாமையும் அதுதான்.

நீருக்கும் காசு கொடுக்கும் ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் நெப்ராஸ்காவுக்குப் போகவேண்டும். அங்கே நிலத்தில் சுமார் 97 சதவீதம் தனியார் கையில். ஓடையின் படுகையும் கரைக்காரருக்கே சொந்தம். படகில் மிதந்து போகலாம், இறங்கிப் படுகையில் நிற்கக் கூடாது. அதனால் அந்த மாநிலத்தின் ‘ஓபன் ஃபீல்ட்ஸ் அண்ட் வாட்டர்ஸ்’ திட்டம் வேட்டை, பொறி வைத்தல், மீன்பிடிப்பு மூன்றுக்கும் சேர்த்தோ தனித்தனியாகவோ நிலத்தாரோடு ஒப்பந்தம் போடுகிறது. பண்ணைக் குட்டைக்கும் ஓடைக்கும்கூடத் தொகை உண்டு. வண்டி கிடையாது, நடந்துதான் உள்ளே போகவேண்டும். திறந்திருக்கும் நிலங்களை ஆண்டுதோறும் ஒரு வரைபட நூலாக வெளியிடுகிறார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பது தொகையைத் தீர்மானிப்பதில்லை. ஏக்கருக்கு இவ்வளவு, வாழிடம் நன்றாக இருந்தால் கூட என்பது கணக்கு. 1995இல் தொடங்கி 10 லட்சம் ஏக்கரைத் தாண்டிய கன்சாஸ் மாநிலத்தின் திட்டமும் ஏக்கர் வழிதான். இந்தத் திட்டங்களுக்கு மத்திய அரசும் கை கொடுக்கிறது: 2008 வேளாண் சட்டம் மாநிலங்களுக்கு 5 கோடி டாலர், 2014 சட்டம் 4 கோடி, 2018 சட்டம் 5 கோடி.

பொறி வைப்பதை இதில் தனியாக யோசிக்க வேண்டும். வேட்டைக்காரர் மாலையில் போய்விடுவார். பொறி இரவெல்லாம் தரையில் கிடக்கும். பண்ணை நாயும் அதில் மாட்டலாம், கன்றும் மிதிக்கலாம். மொன்டானாவில் பிளாக் மேனேஜ்மென்ட் அனுமதி வேட்டைக்கு மட்டும்தான். பொறிக்கு நிலத்தாரிடம் தனியாகக் கேட்கவேண்டும். ஆனால் ஓடையை அடைத்து வைக்கோல் வெளியை மூழ்கடிக்கும் பீவரையும் ஆட்டுக்குட்டியைத் தூக்கும் கயோட்டி என்ற சிறு ஓநாயையும் பிடித்துத் தருகிறவர் என்றால் பண்ணையாளர் காசு எதிர்பார்க்காமலே கேட்டைத் திறப்பார். சுமையும் பயனும் இப்படித் தொழிலுக்குத் தொழில் மாறுவதால், மூன்றுக்கும் ஒரே விலைப்பட்டியல் சரிவராது.

தலையை எண்ணுவதன் குறை

மொன்டானா முறையின் நோய் எங்கே என்றால், அது வந்துபோன தலைகளை எண்ணுகிறது. அதிகம் பேரை விடுகிறவருக்கு அதிகப் பணம். பத்தே பேரை, அதுவும் பெண் எல்க்கை மட்டும் சுட, பனி விழுந்த பிறகு விடுகிறேன் என்று சொல்கிற பண்ணையாளர் வனவிலங்கு நிர்வாகத்துக்குப் பேருதவி செய்கிறார். அவர் கைக்கு வருவது சொற்பம். நெருக்கடி மிகுந்த நிலத்தில் இரண்டாம் வாரத்திலேயே விலங்குகள் விலகிவிடும். எல்க் மிக விரைவாகக் கற்கும் விலங்கு. துப்பாக்கிச் சத்தம் கேட்கும் வேலிக்கும் கேட்காத வேலிக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியும். கூட்டமாகப் பூட்டிய பண்ணைக்குள் போய் நின்றுகொள்கிறது. அங்கே சிலர் காசு கொடுத்துப் பெரிய கொம்பன் ஒன்றிரண்டைச் சுடுவார்கள். பெண் எல்க்குகள் பெருகும். பனிக்காலத்தில் அதே கூட்டம் வேலி தாண்டி, கேட்டைத் திறந்து வைத்த பக்கத்துப் பண்ணையாளரின் வைக்கோலைத் தின்னும். திட்டத்தில் சேர்ந்தவர் இரண்டு பக்கமும் இடிபடுகிறார். 13 டாலர் கணக்கில் இந்தப் பக்கத்து வீட்டுப் பாதிப்புக்கு இடமே இல்லை.

உச்சவரம்பு இன்னொரு சிக்கல். நீண்ட காலம் ஒரு பண்ணைக்கு ஆண்டுக்குக் கிடைக்கக்கூடிய மொத்தத் தொகைக்குத் தாழ்ந்த வரம்பு இருந்தது. பிறகு படிப்படியாக ஏறி, 2023இல் சட்டமன்றம் அதை 25,000 டாலரிலிருந்து 50,000 டாலராக உயர்த்தியது. பெரிய பண்ணைகளைத் தக்கவைக்க இது தேவைதான். ஆனால் விகிதம் 13 டாலராகவே இருந்தால் 50,000ஐத் தொட ஒரு பண்ணைக்கு 3,800க்கும் மேற்பட்ட வேட்டை நாட்கள் வேண்டும். அத்தனை நடமாட்டம் தாங்குகிற நிலம் எத்தனை இருக்கும்? கூரையை உயர்த்துவதைவிட முக்கியம், கொஞ்சம் பேரை மட்டும், ஆனால் சரியான நேரத்தில் விடுகிறவருக்கும் கௌரவமான தொகை கிடைக்கும்படி அடித்தளத் தொகையை ஏற்றுவது. 250 டாலர் ஒரு பண்ணையின் ஒரு நாள் டீசல் செலவுக்கே போய்விடும்.

திட்டத்தில் உள்ள நிலம் 2000களின் தொடக்கத்தில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. பிறகு இறங்கி 70 லட்சம் ஏக்கர் அளவில் நிற்கிறது. இந்தக் கணக்கில் தனியார் நிலத்தோடு, அதற்குள் அடைபட்ட அரசு நிலத்துண்டுகளும் சேரும். ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலத்தார் இன்றும் சேர்ந்திருக்கிறார்கள். அவுட்ஃபிட்டர் குத்தகையோடு விலையில் மோத முடியாத ஒரு திட்டம் இவ்வளவு பேரை வைத்திருப்பது சாதாரணமில்லை. பணம் மட்டும் அவர்களைப் பிடித்து வைத்திருக்க முடியாது. அக்டோபர் கடைசியில் ரைஃபிள் சீசன் தொடங்கியதும் இரவும் பகலும் அடிக்கும் தொலைபேசியைத் துறை ஊழியர் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். எந்த மேய்ச்சல் வெளியை மூட வேண்டும், வண்டி எதுவரை போகலாம் என்ற முடிவு நிலத்தாரிடமே இருக்கிறது. ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்க வரும் அதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமுள்ளவராக இருக்கிறார். இப்படிப்பட்ட ஊழியர்களின் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு விகிதத்தை இரண்டு டாலர் ஏற்றினால் நிலம் குறையத்தான் செய்யும்.

கைமாறும்போது

ஓராண்டு ஒப்பந்தத்தின் பலவீனம் நிலம் விற்கப்படும் நாளில் வெளிப்படுகிறது. மேற்கு மொன்டானாவில் பிளம் க்ரீக் மரக் கம்பெனியின் காடுகள் பல தலைமுறையாகப் பொதுமக்களுக்குத் திறந்தே கிடந்தவை. 2016இல் பிளம் க்ரீக், வெயர்ஹௌசர் கம்பெனியோடு இணைந்தது. 2019 டிசம்பரில் வெயர்ஹௌசர் மொன்டானாவில் தன்னிடமிருந்த 6,30,000 ஏக்கரையும் 14.5 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. வாங்கியது ஜார்ஜியா மாநிலத்தின் சதர்ன் பைன் பிளான்டேஷன்ஸ். கலிஸ்பெல் வட்டாரத்தில் அந்தச் செய்தி சாவுச் செய்தி போல இறங்கியது. ஒரு கையெழுத்தில் 6 லட்சம் ஏக்கரின் கேட்டுகள் மூடிவிடலாம். புதிய உரிமையாளர்கள் உடனே மூடவில்லை, திட்டத்தில் தொடர்ந்தார்கள். ஆனால் அந்தக் கம்பெனி துண்டுகளாக விற்கத் தொடங்கியது. 2021இல் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதியை கிரீன் டைமண்ட் என்ற மரக் கம்பெனி வாங்கியது. தனி ஆட்களுக்குப் போன துண்டுகளில் வழி கிடைக்குமா என்பது அந்தந்த ஆளைப் பொறுத்தது.

இதற்கு மாற்றாக மொன்டானா பயன்படுத்துவது பாதுகாப்புப் பட்டயம். நிலம் உரிமையாளரிடமே இருக்கும். வீட்டுமனையாக்காமல் இருப்பது, பொதுமக்களை வேட்டைக்கு விடுவது ஆகிய கடமைகள் பத்திரத்தில் ஏறி, யார் வாங்கினாலும் நிலத்தோடு கூடவே போகும். ஒருமுறை மொத்தமாகப் பெருந்தொகை கொடுக்க வேண்டியிருப்பதால் கோதுமை வயலுக்கும் மேய்ச்சல் வெளிக்கும் எல்லாம் இதைச் செய்ய முடியாது. பேரன் தலையை நிரந்தரமாக அடகு வைக்கப் பண்ணையாளர்களும் எளிதில் சம்மதிப்பதில்லை. அரசு நிலத்துக்கு ஒரே வாசலாக இருக்கும் பண்ணைகள், குளிர்காலத்தில் எல்க் இறங்கும் பள்ளத்தாக்குகள், விற்பனைக்கு வரும் பெரிய மரக்காடுகள் ஆகிய மூன்றுக்கும் முதலில் பட்டயத் தொகையை ஒதுக்கிவிட்டு, மீதி நிலத்துக்கு ஆண்டு ஒப்பந்தத்தை வைத்துக்கொள்வதே மொன்டானாவுக்கு இப்போது உள்ள நல்ல வழி. கிரீன் டைமண்ட் காடுகளில் அந்த வகைப் பட்டயத்துக்கான வேலை தொடங்கிவிட்டது.